கூறு போட வசதியான எண்: 720720

பனங்கிழங்குக் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனால் கிழங்கைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒருவரிடம் 60 கிழங்கு இருக்கிறது என்று வையுங்கள். பத்துப் பத்தாகக் கட்டினால் ஆறு கட்டு. பன்னிரண்டாகக் கட்டினால் ஐந்து. பதினைந்தாகக் கட்டினால் நான்கு. இருபதாகக் கட்டினால் மூன்று. இவற்றில் எப்படிக் கட்டினாலும் கையில் ஒன்றும் மிஞ்சாது. அவரிடம் இன்னும் ஒரு கிழங்கைக் கொடுத்து 61 ஆக்குங்கள். இரண்டு இரண்டாகக் கட்டினால் ஒன்று மிஞ்சும். மூன்றாகக் கட்டினாலும் ஒன்று மிஞ்சும். ஏழாகக் கட்டினால் ஐந்து மிஞ்சும். கடைசி வரை மிஞ்சிக்கொண்டே இருக்கும். 60க்கும் 61க்கும் அளவில் வித்தியாசம் ஒரே ஒரு கிழங்கு. குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

யாழ்ப்பாணத்தில் சமமாகப் பங்கு போடுவது சின்ன விஷயம் அல்ல. முதிசக் காணி பிரிக்கும்போது ஒரு குழி கூடிக் குறைந்தால் சகோதரங்களுக்குள் கதை பேச்சே நின்றுவிடும். 16 பரப்பு சேர்ந்தால் ஓர் ஏக்கர். 16 பரப்பை இரண்டு பேருக்கும் பிரிக்கலாம், நான்கு பேருக்கும் பிரிக்கலாம், எட்டுப் பேருக்கும் பிரிக்கலாம். மூன்று பிள்ளைகள் என்றால் பரப்போடு கணக்கு முடியாது, குழிக்கு இறங்க வேண்டும். ஒரு பரப்புக்கு 18 குழி. ஆகவே ஏக்கருக்கு 288 குழி. மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 96 குழி, அதாவது 5 பரப்பு 6 குழி. 16க்குள் மூன்று இல்லை, 18க்குள் இருந்தது. அதனால் கணக்குத் தீர்ந்தது.

ஓர் எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை முழுவதும் நாம் செய்யப்போகிற வேலை. அதற்கு நான் எடுத்திருக்கும் எண் 720720. ஏழு இலட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது.

இந்த எண் எனக்கு என் பெறாமகள் மூலம் வந்தது. ஆண்டு 8 படிக்கிறாள். 1 முதல் 16 வரை எல்லா எண்களாலும் மீதியில்லாமல் வகுபடக்கூடிய மிகச் சிறிய எண் எது என்று ஒரு கேள்வி. பொ.ம.சி., அதாவது பொது மடங்குகளுள் சிறியதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பொறுமையாகச் செய்து முடித்துவிட்டு விடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தி, 720ஐ ரெண்டு தரம் எழுதின மாதிரி வந்திருக்கு. எங்கயோ பிழைச்சுப் போச்சு போல" என்றாள். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அவளுடைய சந்தேகம் மிக நல்ல சந்தேகம். அன்று இரவு முழுவதும் அந்த எண்ணை நான் விடவில்லை.

முறித்துப் பார்ப்போம்

எந்த முழு எண்ணையும் மேலும் மேலும் காரணிகளாக முறித்துக்கொண்டு போகலாம். 12 என்றால் 4×3. அந்த 4ஐ 2×2 என்று முறிக்கலாம். 3ஐ முறிக்க முடியாது, 2ஐயும் முறிக்க முடியாது. இப்படி மேலே முறிக்க முடியாமல் நிற்பவையே முதன்மை எண்கள். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இவற்றைப் பகா எண் என்பார்கள். 2, 3, 5, 7, 11, 13, 17 என்று போகும். 61உம் அந்தக் கூட்டம்தான். கிழங்கு மிஞ்சியதற்குக் காரணம் அதுவே.

ஓர் எண்ணை யார் முறித்தாலும், எந்த வழியாக முறித்தாலும், கடைசியில் அதே முதன்மை எண்கள், அதே எண்ணிக்கையில்தான் வரும். 60ஐ 6×10 என்று தொடங்கினாலும் 4×15 என்று தொடங்கினாலும் முடிவில் 2×2×3×5. இது பார்த்தால் தெரிகிற சாதாரண விஷயம் போல இருக்கும். ஆனால் இதை ஐயமற நிறுவித் தெளிவாக எழுதி வைத்தது ஜெர்மனியக் கணிதர் காவுஸ், 1801இல். எண்களைப் பற்றி நாம் சொல்லும் அநேகமான விஷயங்கள் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கின்றன.

சரி, 720720. பிள்ளையின் சந்தேகத்திலிருந்தே தொடங்கலாம். 720ஐ இரண்டு தரம் எழுதினால் என்ன நடக்கிறது? முதலாவது 720 ஆயிரங்களின் இடத்தில் இருக்கிறது, அதன் பெறுமதி 720,000. இரண்டாவது வெறும் 720. இரண்டையும் கூட்டினால் 720ஐ ஆயிரத்தொரு தரம் எடுத்ததாகிறது. ஆகவே 720720 = 720×1001.

இந்த 1001க்குள் ஓர் அழகு ஒளிந்திருக்கிறது. அது 7×11×13. அதனால் எந்த மூன்று இலக்க எண்ணையும் இரண்டு தரம் அடுத்தடுத்து எழுதினால், வருகிற ஆறிலக்க எண் 7ஆலும் 11ஆலும் 13ஆலும் கட்டாயம் வகுபடும். ஒரு பிள்ளையிடம் விரும்பிய மூன்று இலக்க எண்ணை எழுதச் சொல்லுங்கள். 358 என்று எழுதுகிறது என்று வைப்போம். அதையே பக்கத்தில் திரும்ப எழுதச் சொல்லுங்கள்: 358358. ஏழால் வகுத்தால் 51,194. அதைப் பதினொன்றால் வகுத்தால் 4,654. அதைப் பதின்மூன்றால் வகுத்தால் பழையபடி 358. மீதி ஓரிடத்திலும் வராது. மந்திரம் என்று நினைக்கும் பிள்ளைக்கு 1001ஐக் காட்டிக் கொடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மிச்சம் 720. அது 1×2×3×4×5×6. முறித்தால் 2 நான்கு தரம், 3 இரண்டு தரம், 5 ஒரு தரம். எல்லாவற்றையும் சேர்த்தால்:

720720 = 2×2×2×2×3×3×5×7×11×13

இதுதான் இந்த எண்ணின் அடையாள அட்டை. இனி வரும் எல்லாக் கேள்விகளுக்கும் இந்த ஒரு வரியைப் பார்த்தே பதில் சொல்லலாம்.

ஒரு கேள்வியை இப்போதே கேட்டுப் பார்ப்போம். கோயில்களில் மண்டலாபிஷேகம் பூர்த்தியாகும்போது 108 சங்கு அல்லது 1008 சங்கு வைத்து அபிஷேகம் செய்வார்கள். 720720 பொருள்களை 1008 சம கூறுகளாகப் போட முடியுமா? 1008ஐ முறித்தால் 2×2×2×2×3×3×7. இவ்வளவும் நமது வரியில் இருக்கிறதா? நான்கு 2 இருக்கிறது, இரண்டு 3 இருக்கிறது, ஒரு 7 இருக்கிறது. ஆகவே வகுபடும். மிச்சமாக நிற்பது 5×11×13, அதாவது 715. கூறுக்கு 715. வகுத்தல் கணக்கு ஒன்றுமே நாம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

108? அது 1008ஐ விட எவ்வளவோ சிறியது, அதனால் இன்னும் இலகுவாக வகுபடும் என்றுதான் தோன்றும். 108 = 2×2×3×3×3. மூன்று 3 வேண்டும். நமது எண்ணில் இரண்டுதான் இருக்கிறது. வகுபடாது. ஆயிரத்தெட்டுக்கு இடம் கொடுக்கிற எண் நூற்றெட்டுக்கு இடம் கொடுக்கவில்லை.

எழுதிப் பார்க்காமலே எண்ணலாம்

720720ஐ மீதியில்லாமல் எத்தனை விதமாகக் கூறு போடலாம்? கேள்வியை வேறு மாதிரிச் சொன்னால், அதற்கு எத்தனை காரணிகள் உண்டு? ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினால் விடிந்துவிடும்.

முதலில் 12ஐப் பார்ப்போம். அது 2×2×3. அதன் காரணி ஒன்றை உருவாக்க வேண்டுமென்றால் இந்தப் பொருள்களிலிருந்து சிலவற்றை எடுத்துப் பெருக்க வேண்டும். 2ஐ எத்தனை எடுக்கலாம்? ஒன்றும் எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டும் எடுக்கலாம். மூன்று வழி. 3ஐ எடுக்காமல் விடலாம் அல்லது எடுக்கலாம். இரண்டு வழி. அந்த மூன்று வழி ஒவ்வொன்றுக்கும் இந்த இரண்டு வழி உண்டு, ஆகவே 3×2 = 6. எழுதிச் சரிபாருங்கள்: 1, 2, 3, 4, 6, 12. ஆறுதான்.

அதே முறையில் 720720. நான்கு 2 இருப்பதால் ஐந்து வழி. இரண்டு 3 இருப்பதால் மூன்று வழி. 5, 7, 11, 13 ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி. 5×3×2×2×2×2 = 240.

இருநூற்று நாற்பது காரணிகள்! பக்கத்து வீட்டு எண்களைப் பார்த்தால்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஒன்று குறைந்த 720719ஐ முறித்தால் 31×67×347. காரணிகள் எட்டு. ஒன்று கூடிய 720721 = 71×10151. காரணிகள் வெறும் நான்கு. நடுவில் இருப்பதற்கு 240. பக்கத்து எண்கள் இரண்டும் இப்படிக் கஞ்சத்தனமாக இருப்பதிலும் ஒரு காரணம் உண்டு. 2 முதல் 13 வரை எல்லா முதன்மை எண்களையும் 720720 தனக்குள் வைத்திருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு எண்களை 1ஐத் தவிர வேறு எந்த எண்ணாலும் சேர்ந்தாற்போல் வகுக்க முடியாது. ஆகவே அயலவருக்குச் சின்ன முதன்மை எண் ஒன்றும் மிஞ்சவில்லை, 17இலிருந்துதான் தேடிப் போக வேண்டும்.

240 காரணிகள் என்றால் 120 சோடிகள். 720720 கற்களைச் செவ்வகமாகப் பரப்ப 120 வழி. அவற்றில் சதுரத்துக்கு மிகக் கிட்டியது 840க்கு 858. சரியான சதுரம் ஒருபோதும் வராது. சதுர எண் என்றால் ஒவ்வொரு முதன்மை எண்ணும் சோடி சோடியாக இருக்க வேண்டும். இங்கே 5, 7, 11, 13 எல்லாம் தனித்து நிற்கின்றன.

இராமானுஜன் போட்ட விதி

ஒரு மில்லியனுக்குள் எந்த எண்ணுக்கும் 240ஐ விடக் கூடிய காரணிகள் இல்லை. 240ஐத் தொடும் எண்கள் மொத்தம் ஐந்து, அவற்றில் மிகச் சிறியது நமது 720720. தனக்குக் கீழே இருக்கும் அத்தனை எண்களையும் காரணி எண்ணிக்கையில் வென்றுவிடுகிற இப்படியான எண்ணுக்குத் தனிப் பெயர் உண்டு. தமிழில் உயர்பகு எண் என்று சொல்லலாம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அந்த வரிசை தொடங்கும்.

60 இருப்பதைக் கண்டீர்களா? நமது பஞ்சாங்கத்தில் நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை. வருடச் சுற்றும் பிரபவ முதல் அட்சய வரை 60. கடிகாரத்திலும் 60 நிமிடம், 60 விநாடி. பங்கு பிரிக்க வேண்டிய இடங்களில் மனிதர் திரும்பத் திரும்ப இந்த எண்ணையே பிடித்துக்கொண்டார்கள். 108க்கு இந்த வரிசையில் இடமில்லை. அதற்கு 12 காரணிகள், அவ்வளவு காரணிகள் அதைவிடச் சிறிய 60க்கே இருக்கின்றன.

இந்த எண்களைப் பற்றிய முதலாவது பெரிய ஆய்வைச் செய்தவர் சீனிவாச இராமானுஜன். ஈரோட்டில் 1887இல் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 1914இல் கேம்பிரிட்ஜ் போனவர். 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இதைப் பற்றிய நீண்ட கட்டுரை வந்தது. அடுத்த வருடம் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது இந்த ஆய்வுக்காகத்தான். நூற்றுக்கு மேற்பட்ட உயர்பகு எண்களைக் கையால் கணித்து அட்டவணையாகப் போட்டிருந்தார். கடைசி எண் 6,746,328,388,800. கணினி இல்லாத காலம். இடையில் தவறிப்போனது ஒரே ஒரு எண்.

அவர் கண்ட விதிகளில் ஒன்றை நாமே நிறுவிப் பார்க்கலாம், ஆண்டு 8 அறிவு போதும். நமது எண்ணில் 2 நான்கு தரம், 3 இரண்டு தரம், மற்றவை ஒவ்வொரு தரம். 4, 2, 1, 1, 1, 1. இறங்குவரிசை. எந்த உயர்பகு எண்ணை எடுத்தாலும் இப்படித்தான் இருக்கும், நடுவில் ஏறவே ஏறாது. ஏன்?

ஏறினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 18ஐ எடுங்கள். 2×3×3. இங்கே 2 ஒரு தரம், 3 இரண்டு தரம், எனவே ஏறுகிறது. காரணிகள் 2×3 = 6. இப்போது இரண்டும் மூன்றும் இடம் மாறட்டும்: 2×2×3. காரணிகள் 3×2 = 6. எண்ணிக்கையில் மாற்றமில்லை. ஆனால் எண் 18இலிருந்து 12க்கு இறங்கிவிட்டது. அதாவது 18க்கு இருக்கும் காரணிகள் அதைவிடச் சிறிய எண்ணுக்கே இருக்கின்றன, ஆகவே 18 வெல்லவில்லை. எங்கெல்லாம் பெரிய முதன்மை எண் சின்னதை விட அதிக தரம் வருகிறதோ அங்கெல்லாம் இதே இடமாற்றத்தைச் செய்து சிறிய எண்ணுக்கு வந்துவிடலாம். அதேபோல ஒரு முதன்மை எண்ணைத் தாண்டிப் போகவும் முடியாது. 13ஐ விட்டுவிட்டு 17ஐ வைத்தால், 17ஐ எடுத்து அந்த இடத்தில் 13ஐப் போடுங்கள், காரணி எண்ணிக்கை அப்படியே இருக்க எண் குறைந்துவிடும். இவ்வளவுதான் நிறுவல். கடைசியில் நிற்கும் முதன்மை எண் எப்போதும் ஒரே ஒரு தரம்தான் வரும் என்பதையும் இராமானுஜன் காட்டினார். 4உம் 36உம் மட்டும் விதிவிலக்கு. அதற்கான நிறுவல் இதைவிடச் சிக்கலானது, இங்கே வேண்டாம்.

இந்த உயர்பகு எண்களுக்குள்ளேயே இன்னும் இறுக்கமான ஒரு சபையையும் அவர் பிரித்தெடுத்தார். எண் பெரிதாக இருப்பதற்கு ஒரு கணக்கான கழிவு கொடுத்த பிறகும், சிறியது பெரியது எல்லா எண்களுக்கும் முன்னால் நிற்பவை அவை. 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55440, அடுத்தது 720720. பத்தாவது இடம். ஒவ்வொன்றும் முன்னதை ஒரு முதன்மை எண்ணால் பெருக்கி வருவதைப் பாருங்கள். 5040ஐ 11ஆல் பெருக்கினால் 55440, அதை 13ஆல் பெருக்கினால் நமது எண். வீட்டுக்கு அறை கூட்டுவது போல ஒவ்வொரு முதன்மை எண்ணாகச் சேர்ந்துகொண்டு போகிறது.

குறை, நிறை, மிகை

காரணிகளை எண்ணாமல் கூட்டிப் பார்ப்பது இன்னொரு பழைய வழக்கம், கிரேக்கர் காலத்திலிருந்து வருவது. எண்ணைத் தவிர்த்து மற்றக் காரணிகளைக் கூட்ட வேண்டும். 10க்கு 1+2+5 = 8. பத்துக்குக் குறைவு, ஆகவே 10 ஒரு குறை எண். 12க்கு 1+2+3+4+6 = 16. மிஞ்சுகிறது, ஆகவே மிகை எண். 6க்கு 1+2+3 = 6. சரியாக நிறைகிறது, ஆகவே நிறை எண். நிறை எண்கள் மிக அபூர்வம். 6, 28, 496, 8128, அடுத்தது 33,550,336க்குத் தாவிவிடும். ஒற்றையாக ஒரு நிறை எண் உண்டா என்ற கேள்விக்கு இன்று வரை யாரும் விடை கண்டதில்லை.

720720 எந்த வகை என்பதை ஊகித்திருப்பீர்கள். 240 காரணிகளையும் கூட்டினால் 3,249,792. அந்த எண்ணையே கழித்தால் மிச்சம் 2,529,072. தன்னைப் போல மூன்றரை மடங்கு. மிகை எண்களுக்குள்ளும் பெரிய மிகை. இந்தக் கூட்டல் கணக்குக்கும் அந்த ஒரு வரியே போதும். 2க்கு 1+2+4+8+16 = 31, 3க்கு 1+3+9 = 13, மற்றவற்றுக்கு 6, 8, 12, 14. ஆறையும் பெருக்கினால் அந்தத் தொகை வந்துவிடும்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 720720இன் இலக்கங்களைக் கூட்டினால் 18. அந்த 18ஆல் எண் வகுபடுகிறது, விடை 40,040. இப்படியான எண்ணுக்கு ஹர்ஷத் எண் என்று மகாராஷ்டிராவின் கணித ஆசிரியர் கப்ரேகர் பெயர் வைத்தார். சமஸ்கிருதத்தில் மகிழ்ச்சி தருவது என்று பொருள். பெயர் நல்ல பெயர்தான். ஆனால் இந்தக் குணம் நாம் பத்தின் அடியில் எண் எழுதுவதைப் பொறுத்தது. வேறு அடியில் எழுதினால் இலக்கங்கள் மாறிவிடும். 240 காரணிகள் என்பது எப்படி எழுதினாலும் மாறாது. எனக்கு அந்த மாறாத குணங்களில்தான் பிடிப்பு.

தராசுப் படிக்கல் போல ஒரு குணமும் உண்டு. 12இன் காரணிகளான 1, 2, 3, 4, 6, 12 ஆகிய நிறைகளில் ஒவ்வொரு படி இருந்தால், 1 முதல் 12 வரை எந்த நிறையையும் அவற்றைச் சேர்த்து வைத்தே நிறுக்கலாம். 5 வேண்டுமா? 4உம் 1உம். 11 வேண்டுமா? 6உம் 4உம் 1உம். 10க்கு இது வாய்க்காது. 1, 2, 5, 10 படிகளை வைத்து 4ஐ நிறுக்க முடியாது. 720720இன் காரணிகளைப் படிகளாகச் செய்தால் 1 முதல் 720720 வரை ஒன்றுகூட விடாமல் நிறுக்கலாம்.

பத்து இலட்சம் டொலர் கேள்வி

இவ்வளவும் வெறும் வேடிக்கைக் கணக்கு என்று யாராவது நினைத்தால், இதையும் கேட்க வேண்டும்.

720720இன் எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகையை 720720ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4.51 வருகிறது. இந்த விகிதத்துக்கு ஒரு வரம்பு சொல்லப்படுகிறது. எண் பெரிதாகப் பெரிதாக அந்த வரம்பும் உயரும், ஆனால் மிக மிக மெதுவாக. 720720இல் வரம்பு ஏறத்தாழ 4.63. நமது எண் அதன் கீழே, மிகக் கிட்ட நிற்கிறது. 5040இல் விகிதம் 3.838, வரம்பு 3.817. அங்கே மீறிவிடுகிறது.

5040க்கு அப்பால் இந்த வரம்பை மீறுகிற எண் ஒன்றாவது இருக்கிறதா? 1984இல் கீ ரொபின் என்ற பிரெஞ்சுக் கணிதர் நிறுவியது இது: அப்படி ஓர் எண்ணும் இல்லையென்றால் ரீமன் கருதுகோள் உண்மை. ஒன்றாவது இருந்தால் பொய். ரீமன் கருதுகோள் 1859இல் எழுந்தது. முதன்மை எண்கள் எவ்வளவு ஒழுங்காகப் பரந்திருக்கின்றன என்பதைப் பற்றியது. கணிதத்தில் இன்னும் தீராத கேள்விகளில் இதைத்தான் பலரும் முதலாவதாகச் சொல்வார்கள். தீர்ப்பவருக்குப் பத்து இலட்சம் டொலர் என்று 2000ஆம் ஆண்டு கிளே கணித நிறுவகம் அறிவித்தது. மீறுகிற எண்ணைத் தேடுபவர்கள் எங்கே தேடுவார்கள்? 720720 போல, சின்ன முதன்மை எண்களை வயிறு நிறைய வைத்திருக்கும் எண்களில்தான்.

இராமானுஜனும் இந்தப் பக்கம் வந்திருந்தார். 1915இல் லண்டன் கணிதக் கழகம் பண நெருக்கடியில் இருந்ததால் அவருடைய கட்டுரை முழுவதும் அச்சாகவில்லை. விடுபட்ட பகுதி 1997இல்தான் வெளிவந்தது, அதற்குக் குறிப்புகள் எழுதிய இருவரில் ஒருவர் அதே ரொபின். காரணிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு உயரலாம் என்ற கேள்வியை அந்தப் பகுதியில் இராமானுஜன் எடுத்திருந்தார். கும்பகோணத்துப் பிள்ளை 32 வயதில் இறந்துபோய் 77 வருடம் கழித்து அந்தப் பக்கங்கள் அச்சேறின. இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

அடுத்த எண்

இவ்வளவும் சொல்லி முடிய, பெறாமகள் கேட்டது ஒன்றைத்தான். "அப்ப 108 வகுபடாதோ? பாவம்." அவளுக்கு ஆயிரத்தெட்டுக்கு இடம் கிடைத்து நூற்றெட்டுக்குக் கிடைக்காதது நியாயமாகப் படவில்லை.

720720இன் 240ஐ முதன்முதலில் வெல்லும் எண் 1081080. எழுதிய விதத்தைப் பாருங்கள், 108, 108, கடைசியில் ஒரு சைபர். முறித்தால் 2×2×2×3×3×3×5×7×11×13. நமது எண்ணிலிருந்து ஒரு 2 வெளியே போய் ஒரு 3 உள்ளே வந்திருக்கிறது, வேறு மாற்றம் இல்லை. காரணிகள் 4×4×2×2×2×2 = 256.

இப்போது மூன்று 3 இருக்கிறது. ஆகவே 108 வகுபடும், கூறுக்கு 10,010. ஆனால் 2 மூன்றுதான். 1008க்கு நான்கு 2 வேண்டும், ஆகவே ஆயிரத்தெட்டு இப்போது வெளியே நிற்கிறது.

இரண்டுக்கும் இடம் கொடுக்கும் உயர்பகு எண் வேண்டுமென்றால் நான்கு 2உம் மூன்று 3உம் வேண்டும். அவளே கொப்பியை இழுத்து வைத்து 720720ஐ மூன்றால் பெருக்கினாள். 2162160. காரணிகள் 5×4×2×2×2×2 = 320. அதுவும் அந்த வரிசையில் இருக்கும் எண்தான்.